சிங்கப்பூரில் பேருந்தில் போய் இறங்கி நடக்கும் நீர்த்தேக்கக் காட்டுப் பாதைகள்

17 பிப்ரவரி 2024 – வாசகர் ஒருவரின் கேள்வி

சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்து சில மாதங்களே ஆகின்றன. விடுமுறை நாட்களில் காட்டுப் பாதையில் நடக்க எனக்கு விருப்பம் உண்டு. கார் இல்லாதவர்களுக்கு மெக்ரிட்ச்சி நீர்த்தேக்கத்தை ஒரு சுற்றுச் சுற்றி வருவதைத் தவிர வேறு வழியில்லை என்றும், மற்ற இடங்களுக்குக் கார் எடுத்துக்கொண்டு போனால்தான் முடியும் என்றும் உடன் வேலை செய்பவர்கள் சொல்கிறார்கள். அது உண்மையா?

17 பிப்ரவரி 2024, இரவு

உண்மை அதற்கு நேர்மாறானது என்பது என் உறுதியான கருத்து. காரில் போகிறவர் காரை நிறுத்திய இடத்துக்கே திரும்பி வந்தாக வேண்டும். ஆகையால் அவருடைய நடை ஒரு வட்டமாகவோ, போன வழியே திரும்பி வருவதாகவோ அமைந்துவிடுகிறது. பேருந்தில் போகிறவருக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. ஒரு நிறுத்தத்தில் இறங்கிக் காட்டுக்குள் நுழைந்து, பல கிலோமீட்டர் தள்ளி வேறொரு சாலையில் வெளியேறி, அங்கே வருகிற பேருந்தில் ஏறி வீட்டுக்குப் போய்விடலாம்.

தீவின் நடுவில் இருக்கும் மத்திய நீர்ப்பிடிப்பு இயற்கை வனப்பகுதி 2,000 ஹெக்டருக்கும் மேற்பட்டது. மெக்ரிட்ச்சி, லோவர் பியர்ஸ், அப்பர் பியர்ஸ், அப்பர் சிலேத்தார் என்னும் நான்கு நீர்த்தேக்கங்கள் அந்தப் பசுமைக்குள் அடங்கியிருக்கின்றன. அதன் கிழக்கு ஓரத்தில் தாம்சன் சாலையும் அதன் தொடர்ச்சியான அப்பர் தாம்சன் சாலையும் ஓடுகின்றன. 167, 980 ஆகிய பேருந்துகள் இந்தச் சாலைகள் வழியாகவே செல்கின்றன. அதாவது, ஒரே தடத்தில் மெக்ரிட்ச்சியின் வாசல், வின்சர் இயற்கைப் பூங்காவுக்குத் திரும்பும் வீனஸ் டிரைவ், லோவர் பியர்ஸுக்குப் போகும் கேசுவரினா சாலை ஆகிய மூன்றும் வரிசையாக வருகின்றன. இந்த மூன்று நிறுத்தங்களை மனத்தில் பதித்துக்கொண்டால் பல மாதங்களுக்குப் போதுமான நடைகளை அமைத்துக்கொள்ளலாம்.

18 பிப்ரவரி 2024

எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். மெக்ரிட்ச்சியில் தொடங்கி வின்சர் பூங்கா வழியாக வெளியேறுங்கள். தலைகீழாகச் செய்ய வேண்டாம். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

மெக்ரிட்ச்சி சிங்கப்பூரின் மிகப் பழைய நீர்த்தேக்கம். 1868இல் கட்டி முடிக்கப்பட்ட அது, 1890களில் விரிவாக்கப் பணிகளைக் கவனித்த நகராண்மைப் பொறியாளர் ஜேம்ஸ் மெக்ரிட்ச்சியின் பெயரை 1922இல் பெற்றது. பூங்காவின் வாசலில் ஓட்டக்காரர்களும் படகு பழகும் பள்ளி மாணவர்களும் நிறைந்திருப்பார்கள். கூட்டத்தைக் கண்டு மலைத்துவிட வேண்டாம். நீரோரமாகப் போகும் புரூனஸ், செம்பராய் பலகைப் பாதைகளில் நுழைந்தவுடன் அந்தக் கூட்டம் மெலிந்துவிடும். மரங்களின் பெயர் தாங்கிய பாதைகள் அவை. ஒரு பக்கம் கையெட்டும் தொலைவில் தண்ணீர், மறுபக்கம் வேர்கள் பின்னிய சரிவு. பலகை முடிந்து மண்பாதை தொடங்கும்போதுதான் நடை உண்மையிலேயே தொடங்குகிறது. மழை அரித்துவிட்டுப் போன வேர்கள் குறுக்கும் நெடுக்குமாக நிற்பதால் அங்கே கண்ணைக் காலடியிலேயே வைத்திருக்க வேண்டும்.

உச்சியில் இருப்பது மரவுச்சித் தொங்கு பாலம். 2004இல் திறக்கப்பட்டது; 250 மீட்டர் நீளம்; காட்டின் தரையிலிருந்து அதிகபட்சம் 25 மீட்டர் உயரம். ஒருவழிப் பாதை என்பதால் ஏறிய பிறகு திரும்ப முடியாது. திங்கட்கிழமைகளில், பொது விடுமுறையாக இருந்தால் ஒழிய, மூடியிருக்கும். மாலை 5 மணிக்கு வாசலை அடைத்துவிடுவார்கள். எங்கிருந்து தொடங்குகிறோம் என்பதைப் பொறுத்துப் பாலத்துக்குப் போய்வர 7 முதல் 10 கிலோமீட்டர் ஆகும் என்பது பொதுவான கணக்கு. பாலத்தைக் கடந்தபின் இறங்கும் படிகள் ஏராளம். முழங்கால் வலி உள்ளவர்கள் அதை நினைவில் வைக்க வேண்டும்.

அங்கிருந்து வின்சர் பூங்கா வழியாக அப்பர் தாம்சன் சாலைக்கு வந்துவிடலாம். மெக்ரிட்ச்சிப் பக்கம் தொடங்கச் சொன்னதற்குக் காரணம் இதுதான்: நீண்ட பகுதியைக் காலையின் குளிர்ச்சியில் முடித்துவிட்டு, களைத்துப் போன நேரத்தில் குறுகிய வழியில் சாலையை எட்டிவிடுகிறோம். வெளியே வந்தவுடன் சாப்பாட்டுக் கடைகளும் பேருந்து நிறுத்தமும் அருகிலேயே கிடைக்கின்றன.

20 பிப்ரவரி 2024

"இப்போது அப்பர் தாம்சனிலேயே ரயில் நிலையம் இருக்கிறதே, பேருந்து எதற்கு?" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான், ஆயினும் நான் முழுவதும் உடன்படவில்லை.

தாம்சன் – ஈஸ்ட் கோஸ்ட் ரயில் பாதையின் அப்பர் தாம்சன், ஸ்பிரிங்லீஃப் நிலையங்கள் 2021 ஆகஸ்ட்டில் திறக்கப்பட்டன. நகரின் மறுகோடியிலிருந்து வருகிறவருக்கு அது பெரும் வசதி என்பதில் ஐயமில்லை. ஆனால் ரயில் நிலையங்கள் தொலைவு விட்டுத் தொலைவில் அமைகின்றன. காட்டின் வாசல்களோ சாலையோரத்தில் இடையிடையே சிதறிக் கிடக்கின்றன. அந்த இடைவெளியை நிரப்புவது பேருந்துதான். 2023 நவம்பரில் 167ஆம் எண் பேருந்துச் சேவை நிறுத்தப்படும் என்று அறிவிப்பு வந்தபோது எவ்வளவு பேர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். அதன் பிறகுதான், 30 நிமிடத்துக்கு ஒரு பேருந்து என்னும் கணக்கில், அந்தச் சேவை தொடர்கிறது. மருத்துவமனைக்கும் சந்தைக்கும் போகும் முதியவர்களே அதில் முதன்மையாகப் பாதிக்கப்பட்டிருப்பார்கள். நடக்கப் போகும் நம்மைப் போன்றவர்களின் இழப்பு அதற்கு அடுத்ததுதான். இருந்தாலும் அது ஓர் இழப்பாகவே இருந்திருக்கும். 30 நிமிட இடைவெளி என்பதால், காட்டிலிருந்து வெளியேறும் முன்பே கைப்பேசிச் செயலியில் பேருந்து வரும் நேரத்தைப் பார்த்துவிடுவது நல்லது. பாதையின் கடைசி ஒரு கிலோமீட்டரில் நடையின் வேகத்தை அதற்கேற்ப வைத்துக்கொள்ளலாம்.

2 மார்ச் 2024

இன்று காலை, நான் மிகவும் விரும்பும் குறுக்கு நடையை மீண்டும் நடந்துவிட்டு வந்தேன். மெக்ரிட்ச்சியில் நுழைந்து புக்கிட் தீமாவில் வெளியேறும் அந்த நடை, முதல் குறிப்பில் நான் சொன்ன வாதத்துக்கு முழுமையான சான்று. காரில் வந்தவர் யாரும் இதை ஒரே மூச்சில் செய்ய முடியாது. செய்தால் காரை எடுக்கத் தீவின் மறுபக்கத்துக்கு வேறொரு வண்டி பிடிக்க வேண்டியிருக்கும்.

லோர்னி சாலைப் பக்கத்துப் பாதையில் தொடங்கினால், நீர்த்தேக்கத்தின் தெற்குக் கரையை ஒட்டியே நெடுந்தூரம் போகலாம். கோல்ஃப் திடலை ஒட்டிய பகுதியில் காடு ஒரு கணம் விலகி, வெயில் முகத்தில் அடிக்கும். பிறகு ஜெலுத்தோங் கோபுரம் வருகிறது. ஏழு மாடி உயரம் ஏறி நின்றால் மரவுச்சிகள் கண்ணுக்கு நேராக விரிகின்றன. இன்று அங்கே ஏறும் முன், பாதையோரத்து மரமொன்றில் கொலுகோ என்னும், தோல் மடிப்பை விரித்து மிதந்து செல்லும் விலங்கு ஒன்றைக் கண்டேன். பட்டையோடு பட்டையாக ஒட்டிக்கொண்டிருந்ததால் முதலில் மரத்தின் முண்டு என்றே எண்ணினேன். சாம்பல் நிறத் தோலில் வெண்புள்ளிகள், கிளையைக் கவ்விய வளைந்த நகங்கள், தோல் மடிப்புக்குள்ளிருந்து எட்டிப் பார்த்த குட்டியின் ஈரமான இரண்டு கண்கள். முன்னால் போன ஓட்டக்காரர்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை. பகலெல்லாம் அது அப்படியேதான் இருக்கும்; அந்தி மயங்கிய பிறகே மரம் விட்டு மரத்துக்கு மிதந்து செல்லும்.

கோபுரத்துக்கு அப்பால் சைம் பாதை, ரைஃபிள் ரேஞ்ச் இணைப்புப் பாதை என்று மேற்கு நோக்கிப் போக வேண்டும். இந்தப் பகுதியில் பாதையை விட்டு ஓரடி கூட விலகக் கூடாது. பக்கத்தில் துப்பாக்கி சுடும் பயிற்சித் தளம் உண்டு; எச்சரிக்கைப் பலகைகள் வெறும் அலங்காரத்துக்கு வைக்கப்பட்டவை அல்ல. புக்கிட் தீமாவை நெருங்க நெருங்க விரைவுச் சாலையின் இரைச்சல் மரங்களுக்கிடையே கேட்கத் தொடங்கும். 1980களில் போடப்பட்ட அந்தச் சாலைதான் புக்கிட் தீமா வனத்தை மத்திய வனப்பகுதியிலிருந்து துண்டித்தது. 2013இல் அதற்கு மேலே, வடக்கே, 62 மீட்டர் நீளத்தில் மரங்கள் நட்ட பசுமைப் பாலம் ஒன்றைக் கட்டினார்கள். அது விலங்குகள் கடப்பதற்கானது, நமக்குரியதன்று. துண்டித்ததை மீண்டும் இணைக்க எவ்வளவு செலவும் காலமும் தேவைப்படுகின்றன என்பதை அந்த இரைச்சலுக்கு நடுவில் நடக்கும்போது நான் ஒவ்வொரு முறையும் எண்ணிக்கொள்கிறேன்.

கடைசிப் பகுதி 2022 நவம்பரில் திறக்கப்பட்ட ரைஃபிள் ரேஞ்ச் இயற்கைப் பூங்கா. பழைய கற்சுரங்கம் ஒன்று நன்னீர்ச் சதுப்பாக மாறியிருக்கிறது. மேலிருக்கும் தளத்தில் நின்று அதைப் பார்த்துவிட்டு இறங்கினால் பியூட்டி வோர்ல்ட் வந்துவிடுகிறது. உணவங்காடி, ரயில் நிலையம், 170ஆம் எண் உள்ளிட்ட பேருந்துகள் எல்லாம் அங்கே உண்டு. மொத்தம் ஏறத்தாழ 10 கிலோமீட்டர். நிதானமாக நடப்பவருக்கு அரை நாள். இன்னும் வலு இருப்பவர்கள் புக்கிட் தீமா உச்சியை எட்டிப் பார்க்கலாம். 163 மீட்டர்தான், ஆனால் தீவில் அதைவிட உயரமான இயற்கை மேடு வேறில்லை.

3 மார்ச் 2024

நேற்றைய குறிப்பில் விட்டுப்போன ஒன்று. கையில் பிளாஸ்டிக் பை கொண்டு போகாதீர்கள். நீண்ட வால் குரங்குகள் அந்தப் பையைக் கண்டாலே உணவு என்று எண்ணிப் பாய்கின்றன. மனிதர்கள் பல ஆண்டுகளாகக் கொடுத்துப் பழக்கியதன் விளைவு அது. உணவு கொடுப்பவருக்கு முதல் முறை 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம் உண்டு. எல்லாவற்றையும் முதுகுப் பைக்குள் வைத்து மூடிவிட்டு, குரங்கின் கண்ணைப் பார்க்காமல், ஓடாமல், நிதானமாகக் கடந்து போய்விடுங்கள்.

24 மார்ச் 2024

வயதானவர்களை அழைத்துப் போகத் தகுந்த பாதை எது என்று இருவர் கேட்டிருந்தார்கள். தயங்காமல் லோவர் பியர்ஸ் என்று சொல்வேன். கேசுவரினா சாலையருகே இறங்கிச் சற்று நடந்தால் போதும். 900 மீட்டர் பலகைப் பாதை, முதிர்ந்த மரங்களின் நிழல், ஒரு பக்கம் முழுவதும் நீர்.

மதுரைப் பக்கத்திலிருந்து வந்திருக்கும் என் அம்மாவை இன்று அங்கே அழைத்துப் போனேன். நீரைக் கண்டவுடன் அவர் கேட்ட முதல் கேள்வி, "இந்தக் கண்மாய்க்குக் கலுங்கு எங்கப்பா இருக்கு?" என்பதுதான். கண்மாய்க் கரையில் வளர்ந்தவருக்கு நீரின் அழகைவிட, நிரம்பினால் அது எந்த வழியாக வெளியேறும் என்பதே முதலில் தோன்றுகிறது. அணைக்கரைப் பக்கம் கூட்டிப் போய் உபரிநீர் வெளியேறும் இடத்தைக் காட்டினேன். "கரையைச் சும்மா சொல்லக் கூடாது, நல்லா வெச்சிருக்காங்க" என்று சொல்லிவிட்டு, அதன் பிறகுதான் உட்கார்ந்து மரங்களைப் பார்க்கத் தொடங்கினார்.

அந்தக் கேள்வி எனக்கு ஒரு புதிய நடையைக் கொடுத்தது. 1910இல் கட்டி முடிக்கப்பட்ட இந்த நீர்த்தேக்கத்துக்குத் தொடக்கத்தில் காலாங் ஆற்று நீர்த்தேக்கம் என்றே பெயர். காலாங் ஆறு இங்கிருந்துதான் புறப்படுகிறது. அப்பர் தாம்சன் சாலையைத் தாண்டிக் கீழே போனால் அதே ஆறு பீஷான் – அங் மோ கியோ பூங்காவுக்குள் நுழைகிறது. அங்கே முன்பு கான்கிரீட் கால்வாயாக இருந்ததை உடைத்து, 2012இல் வளைந்து நெளிந்து ஓடும் ஆறாக மாற்றிவிட்டார்கள். கரையில் புல், நடுவில் கற்கள், நீரில் கொக்குகள். காலையில் நீர்த்தேக்கம், பிறகு ஆற்றோடு இறங்கிப் பூங்கா, அங்கிருந்து பேருந்து என்று ஒரு நடையை அமைத்தால் முதியவருக்கும் சிரமமில்லை. எந்த இடத்தில் களைத்தாலும் சாலை அருகிலேயே இருக்கிறது.

6 ஏப்ரல் 2024

அப்பர் பியர்ஸைப் பற்றி ஏன் எதுவும் சொல்லவில்லை என்று கேட்டவருக்கு. பேருந்து நம்மைக் கைவிடும் இடம் அது ஒன்றுதான். பேருந்து நிறுத்தம் அப்பர் தாம்சன் சாலையில். அங்கிருந்து பழைய அப்பர் தாம்சன் சாலைக்கு வந்து, அதன்பின் நீர்த்தேக்கத்துக்குப் போகும் தார்ச்சாலையில் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நடக்க வேண்டும். கார்கள் வந்துபோகும் வழி என்பதால் ஓரமாக, ஒருவர் பின் ஒருவராகப் போவதே பாதுகாப்பு.

ஆயினும் அந்தப் பழைய சாலையையே ஒரு நடையாக எண்ணிக்கொண்டால் மனக்குறை இருக்காது. 1961 முதல் 1973 வரை கார்ப் பந்தயம் நடந்த தடம் அது. அந்த வளைவுகளில் இன்று குரங்குக் கூட்டங்கள் உட்கார்ந்து பேன் பார்த்துக்கொண்டிருக்கின்றன. சாலையை ஒட்டி 2019இல் திறக்கப்பட்ட தாம்சன் இயற்கைப் பூங்கா இருக்கிறது. ஒரு காலத்தில் ஹைனானியச் சீனர் வாழ்ந்த கிராமத்தின் படிக்கட்டுகளும் சுவர்களும் பாசி படிந்து அதற்குள் நிற்கின்றன. மிக அரிய ராஃபிள்ஸ் பட்டை மந்திகள் வாழும் இடமும் அதுதான். கிராமச் சுவர்களுக்கிடையே நடந்துவிட்டு அப்பர் தாம்சன் சாலைக்குத் திரும்பினால் மீண்டும் நம் பேருந்துத் தடம்.

26 மே 2024

பிப்ரவரியில் நான் எழுதியதை இப்போது நடக்கப் போகிறவர்கள் அப்படியே பின்பற்ற வேண்டாம். அது வறண்ட காலத்துக்குப் பொருந்திய அறிவுரை. ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகல் இடிமழை வழக்கமானது. ஜூன் முதல், விடியலுக்கு முன்போ காலையிலோ சுமத்ரா பக்கத்திலிருந்து வரும் சூறைக்காற்று மழையும் சேர்ந்துகொள்ளும். நடக்கும்போது இடி கேட்டால் திறந்த கரையிலும் கோபுரத்திலும் நிற்கக் கூடாது. தொங்கு பாலத்தையும் அப்போது மூடிவிடுவார்கள்.

ஆகவே இந்த மாதங்களில் பத்து கிலோமீட்டர்க் குறுக்கு நடையைவிட, நடுவில் சாலைக்கு வெளியேற முடிந்த நடைகளே நல்லவை. மெக்ரிட்ச்சியிலிருந்து புக்கிட் தீமாவுக்குப் போகும் வழியில் ஜெலுத்தோங் கோபுரத்தைக் கடந்துவிட்டால் விரைவில் சாலையை எட்ட வழியில்லை என்பதை முன்பே நான் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். தாம்சன் பக்கத்து நடைகள் அனைத்தும் சாலையிலிருந்து அதிகம் விலகாதவை. பேருந்து நிறுத்தத்தின் கூரை மழைக்கு நல்ல ஒதுங்கிடம் என்பதும் உண்மை. ஒரு மாற்றுக் காலணியும் பழைய செய்தித்தாளும் பையில் இருக்கட்டும்: சேறு படிந்த காலோடு பேருந்தில் ஏறி, அடுத்து உட்காரும் பெரியவரின் வேட்டியையோ பள்ளிப் பிள்ளையின் சீருடையையோ நாம் பாழாக்கக் கூடாது.

9 ஜூன் 2024

பேருந்துக் கட்டணத்தைப் பற்றிய ஒரு விதி, குறுநடைக்காரர்களுக்கு மிகவும் பயன்படும். ஒரு பேருந்திலிருந்து இறங்கி 45 நிமிடத்துக்குள் அடுத்ததில் ஏறினால், மொத்தப் பயணமும் இரண்டு மணி நேரத்துக்குள் அமையும் பட்சத்தில், அது தொடர்பயணமாகவே கணக்கிடப்படும். ஆனால் இறங்கிய அதே எண்ணில் மீண்டும் ஏறினால் அந்தச் சலுகை இல்லை. ஆகவே 167இல் போய் லோவர் பியர்ஸில் இறங்கி, பலகைப் பாதையை நடந்துவிட்டு, 980இல் ஏறித் தொடருங்கள். புதிதாக வந்தவர்களுக்கு இன்னொன்று: இறங்கும்போதும் கட்டண அட்டையைத் தட்ட மறக்காதீர்கள், மறந்தால் அந்தப் பேருந்தின் கடைசி நிறுத்தம் வரைக்குமான கட்டணம் பிடிக்கப்படும்.

இத்துடன் நான்காவது நீர்த்தேக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அங் மோ கியோவிலிருந்து விலங்குத் தோட்டத்துக்குப் போகும் 138ஆம் எண் பேருந்து மண்டாய் சாலை வழியாகச் செல்கிறது. அந்தச் சாலையின் ஒரு பகுதி, இருபுறத்து மரங்களும் பாதுகாக்கப்பட்ட மரபுச் சாலை. கிளைகள் மேலே ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்க, பேருந்து பசுமைக் குகைக்குள் போவதுபோல் இருக்கும். வழியில் இறங்கி அப்பர் சிலேத்தாருக்கு நடந்தால், 1969இல் விரிவாக்கம் பெற்ற, ராக்கெட் வடிவக் கோபுரம் நிற்கும் நீர்த்தேக்கத்தைக் காணலாம். அங்கே நடைபாதை நீளமானதன்று. நடப்பதற்காக அங்கே போகச் சொல்ல மாட்டேன்; அகன்ற நீரையும் எதிர்க்கரைக் காட்டையும் பார்த்துக்கொண்டு உட்காரவும், அந்தப் பேருந்துப் பயணத்துக்காகவும் போகலாம்.

16 ஜூன் 2024

முதல் கேள்வியைக் கேட்ட நண்பர், நாளை பொது விடுமுறை என்பதால் மெக்ரிட்ச்சிக்குப் போகலாமா, திங்கட்கிழமை ஆயிற்றே என்று கேட்டிருக்கிறார். நாளை ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறை என்பதால் தொங்கு பாலம் திறந்திருக்க வேண்டும். ஆனாலும் தேசியப் பூங்காக் கழகத்தின் இணையத்தளத்தில் இன்றிரவே ஒரு முறை சரிபார்த்துவிடுங்கள். வனப்பகுதி காலை 7 மணிக்குத் திறக்கும். விடுமுறை நாளில் 9 மணிக்குள் பாலத்தருகே போய்விட்டால் நெரிசலுக்கு முன்பே கடந்துவிடலாம். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் போதும். வின்சர் பக்கம் வெளியேறுங்கள். விடுமுறை நாள் ஆதலால் 167ஐ மட்டும் நம்பியிருக்காமல், எது முதலில் வருகிறதோ அதில் ஏறிவிடுங்கள்.